இரண்டு சொட்டு நீலகிரித் தைலம்

ஆஸ்பத்திரியில் என் வேலைக்குப் பெயர் டிரெஸ்ஸர். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிறவன். நோயாளிகளுக்கு நான் கம்பவுண்டர். ஊரிலிருந்த என் மாமனாருக்கோ நான் டாக்டருக்கு ஒரு படி மட்டும் கீழே. அதைத் திருத்த எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து, மல்லேஸ்வரத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வார்டு பாயாகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து டிரெஸ்ஸிங் அறையில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட, என்னை அங்கே தள்ளினார்கள். தள்ளினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் ஆசைப்பட்டுப் போகிற அறை இல்லை அது.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஆறாத புண்காரர்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி போனவர்கள், நரம்பு சுருண்டு கணுக்காலில் புண் வந்தவர்கள், படுத்த படுக்கையாக இருந்து முதுகு புண்ணானவர்கள். இவர்களுக்கு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கட்டு மாற்ற வேண்டும். ஆபரேஷன் செய்கிற டாக்டருக்குப் பூச்செண்டு வரும், ஸ்வீட் டப்பா வரும். ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதே புண் வரும்.

எனக்கு ஒரு திறமை இருந்தது. மூக்கு. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. கட்டைப் பிரித்ததும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் என் மூக்குக்குத் தெரிந்துவிடும். திராட்சை அழுகினாற்போல ஒரு தித்திப்பு வாசனை வந்தால் இன்னும் இரண்டு நாளில் பஞ்சில் பச்சைச் சீழ் படியும். செத்த எலி வாசனை வந்தால் மேலே எவ்வளவு சிவப்பாக, அழகாக இருந்தாலும் உள்ளே எங்கேயோ சீழ் தங்கியிருக்கிறது. அப்போது மட்டும் கம்பி போட்டுப் பார்ப்பேன். மெல்லிய ஸ்டீல் கம்பி, முனை மழுங்கியது. புண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எலும்பில் தட்டுகிறதா என்று பார்ப்பதற்கு. வாசனை இல்லாத புண்ணில் கம்பி போட மாட்டேன். எதற்கு வீணாகக் குத்த வேண்டும்?

எங்கள் சர்ஜன் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். முதலில் என்னைக் கேலி செய்தார். நாலைந்து தடவை நான் சொன்னது சரியாகப் போன பிறகு, கட்டைப் பிரித்ததும் என் முகத்தைப் பார்த்து, "ஏனு ஹேளத்தே நின் மூகு?" என்று கேட்க ஆரம்பித்தார். என் மூக்கு என்ன சொல்கிறது என்று. அன்றிலிருந்து எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

மூக்குக்காகச் சட்டம் எல்லாம் போட்டேன். என் அறையில் ஊதுபத்தி கூடாது. ஆயுத பூஜை அன்றைக்குக் கூட. இதற்காக ஹெட் சிஸ்டரோடு ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். பவுடர் போட்டு வராதே, தலைக்கு வாசனை எண்ணெய் தடவி வராதே, பூ வைத்துக்கொண்டு உள்ளே வராதே. வாசலில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தேன். பெண்கள் பூவை அதில் மாட்டிவிட்டு உள்ளே வந்து, போகும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள். கட்டைப் பிரித்தபின் நான் மனசுக்குள் பத்து எண்ணுவேன். அதுவரை ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. மூக்குப் பொடி போடுகிற பழக்கம் எனக்கு இருந்தது. அதையும் விட்டேன். ஒரு மனுஷன் தன் மூக்கை இப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அந்தச் சட்டங்களை வாய்விட்டுக் கிண்டல் செய்கிற தைரியம் ஒருத்திக்குத்தான் இருந்தது. இஸ்திரி வண்டி அக்கா. மல்லேஸ்வரத்தில் ஒரு கிராஸ் ரோட்டில், புங்க மரத்தடியில், அவளும் அவள் வீட்டுக்காரரும் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர். அப்போது ஐம்பது வயது இருக்கும். அவர் அடுக்கு வீடுகளில் மாடி மாடியாக ஏறித் துணி வாங்கி வருவார், மடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார். பெட்டி தேய்ப்பது முழுக்க அவள். அவள் கை மடிப்புக்கென்றே துணி போடுகிற வீடுகள் இருந்தன.

"இன்னா கம்பவுண்டரே, ஒரு முழம் பூவுக்கு இம்மாம் கெடுபிடியா? கோயில்ல கூட இப்டி இல்ல," என்று சொல்லிக்கொண்டே ஆணியில் மாட்டுவாள்.

அவளுக்குப் புண் வந்த கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். ஒருநாள் பெட்டியைத் திறந்து கரி அள்ளிப் போடும்போது ஒரு நெருப்புத் துண்டு அவள் கால் விரல் இடுக்கில் விழுந்திருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன கால். அவளுக்குத் தெரியவில்லை. "ஏதோ கருகுற வாசன வந்துது. துணிதான் கருகிப் போச்சுன்னு பதறிப்போயி ஒண்ணொண்ணா தூக்கிப் பாத்தேன். துணி நல்லாத்தான் இருந்துது. சரின்னு மறுபடியும் தேய்க்க ஆரம்பிச்சுட்டேன்."

அந்தப் புண்ணில் வலதுகால் பெருவிரல் போனது. விரலை எடுத்த இடத்தில், பாதத்தின் அடியில், ஒரு குழி ஆறாமல் நின்றது. இரண்டு வருடம். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். காய்ப்பைச் சீவி, கழுவி, கட்டி அனுப்புவேன். நெல்லிக்காய் அளவு குழி வேர்க்கடலை ஆனது, வேர்க்கடலை துவரம்பருப்பு ஆனது. அக்காவையும் வீட்டுக்காரரையும் சர்ஜன் உட்கார வைத்து ஒருமுறை தெளிவாகச் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை சீழ் எலும்புக்குப் போனால் விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். வெளியே வந்து அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நிக்கறதுதான் எங்க பொழப்பு. காலு போச்சுன்னா வண்டியும் போச்சு, கம்பவுண்டரே." நான், "என் கையில இருக்கிற வரைக்கும் போகாது அக்கா," என்றேன். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு அது.

பிறகு பன்றிக் காய்ச்சல் வந்தது. அந்த ஆடி ஆவணியில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மருந்துக் கடைகளில் மாஸ்க் தீர்ந்துபோனது. பஸ்ஸில் ஒருவர் தும்மினால் பக்கத்து சீட் காலியாகும். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு பைக்கில் போனார்கள். கற்பூரமும் ஏலக்காயும் பொட்டலம் கட்டி முகர்ந்தால் காய்ச்சல் அண்டாது என்று ஒரு பேச்சு கிளம்பியது. இன்னும் சிலர் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களைத் தனியாகப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கட்டடத்துக்குள் நுழையாமல் வெளிச் சந்திலிருந்தே உள்ளே வரக்கூடிய கதவு ஒரே ஒரு அறைக்குத்தான் இருந்தது. என் அறைக்கு. ஒரு மத்தியானத்தில் மேஜை, டிராலி, கட்டுப் போடுகிற காஸ் துணி வைத்த டிரம் எல்லாவற்றையும் தூக்கிப் பின்படிக்கட்டுக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மறைப்புக்கு ஒரு பச்சைத் திரை. தலைக்கு மேல் யாராவது ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். டிரெஸ்ஸிங் இனி சனிக்கிழமை மட்டும், அவசரம் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று போர்டு எழுதி மாட்டினார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். "ஆறாத புண்ணுக்கு எது சார் அவசரம்? நேத்து வரைக்கும் அவசரம் இல்ல, இன்னிக்கு கால எடுக்கணும்னு தான் அதுல சொல்லுவாங்க," என்றேன். அவர் மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து, "ஒந்து திங்களு அட்ஜஸ்ட் மாடி," என்றார். ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருமிக்கொண்டு ஒரு வரிசை நின்றிருந்தது. அதில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்தார்கள்.

என் புண்காரர்கள் கரைந்து போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று பாதிப் பேர் பயந்தார்கள். மீதிப் பேர் போர்டைப் படித்துவிட்டு, நாம் அவசரம் இல்லாதவர்கள்தானே என்று மரியாதையாகத் திரும்பிப் போனார்கள். இந்த இரண்டாவது வகைக்காரர்களை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஊழியர்கள் எல்லோரும் மாஸ்க் போட வேண்டும் என்று உத்தரவு. ஆளுக்கு நாளுக்கு ஒன்று. மத்தியானத்துக்குள் அது நம் மூச்சிலேயே நனைந்து ஒரு மாதிரி நாறும். ஹெட் சிஸ்டர் ஒரு சின்னப் பாட்டிலில் நீலகிரித் தைலம் வைத்துக்கொண்டு, காலையில் வருகிற ஒவ்வொருவர் மாஸ்க்கிலும் இரண்டு சொட்டு விடுவார். நான் இரண்டு நாள் வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் என் தலைக்கு நேர் மேலே நின்று இருமினார், இருமினார், இருமிக்கொண்டே இருந்தார். எனக்கு ஏழாவது படிக்கிற மகள். வீட்டுக்குப் போனதும் ஓடிவந்து மடியில் ஏறுகிற பெண். பயந்துவிட்டேன். மறுநாள் காலை நானே போய் சிஸ்டர் முன்னால் முகத்தை நீட்டினேன். அவர் சிரிக்காமல் இரண்டு சொட்டு விட்டார். அந்தக் காரமான வாசனை உள்ளே போனதும் நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது உண்மை. நாலைந்து நாளில் அந்த வாசனை இருப்பதே எனக்குத் தெரியாமல் போனது.

ஒரு முழம் மல்லிகைக்கு வாசலில் ஆணி அடித்தவன், தைலத்தை மூக்கிலேயே கட்டிக்கொண்டு திரிந்தேன். இது எனக்கு உறைக்கவே இல்லை.

இஸ்திரி அக்கா மூன்று வாரம் வரவில்லை. நான் ஆளனுப்பவும் இல்லை. ஒரு சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். முந்தானையில் கற்பூரப் பொட்டலம் முடிந்திருந்தாள்.

"எங்கக்கா போயிட்ட இத்தன நாளா?"

"அத்த ஏன் கேக்கறீங்க. ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுங்க தொட்ட துணி வேணாம்னு மூணு வீட்டுல நிறுத்திட்டாங்க. நான் போவலம்மா, காலு ஆறிடுச்சுன்னு பொய் சொல்லிகினு கீறேன். இன்னிக்கு கூட மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன். சீக்கிரம் கட்டி வுடுங்க."

முக்காலியில் கால் வைத்தாள். கட்டைப் பிரித்தேன். காஸ் கொஞ்சம் ஈரமாக இருந்தது. வெளியே மழை, செருப்பு சொதசொதவென்று இருந்தது. மழை ஈரம் என்று எடுத்துக்கொண்டேன். குழியின் வாய் மூடியிருந்தது. மேலே மெல்லிசாகத் தோல் படர்ந்து, சுற்றிலும் காய்ப்பு. வலிக்கிறதா என்று கேட்பதில் அர்த்தம் இல்லை, அந்தக் காலுக்கு வலி தெரியாது. வழக்கம்போல மனசுக்குள் பத்து எண்ணினேன். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றால் பதினைந்து வருடமாக எனக்கு ஒரே அர்த்தம்தான். கம்பியைத் தொடவில்லை. மேல் காய்ப்பை மட்டும் சீவிவிட்டுப் புதுக் கட்டுப் போட்டேன்.

"சுத்தமா இருக்குதுக்கா. மூடிட்டு வருது," என்றேன்.

"மெய்யாவா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணைத்தான் பார்த்திருக்க முடியும். "ஆறிடுமா?"

"ஆறிடும். நீ அலையாத. ரெண்டு வாரம் கழிச்சு வா, போதும்."

அவளுடைய நோட்டில் சனிக்கிழமைத் தேதி போட்டு 'கிளீன்' என்று எழுதினேன். அவள் அந்தப் படிக்கட்டுக்குக் கீழேயே நின்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை, எனக்கு ஓய்வு நாள். ஸ்ரீராமபுரத்தில் இருந்த என் வீட்டிலிருந்து மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்க நடந்து போனேன். திறந்தவெளிதானே என்று மாஸ்க் போடவில்லை. திரும்பும்போது அவள் வண்டி இருக்கிற கிராஸ் வழியாக வந்தேன். ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்றுதான். வண்டிக்கு நாலு தப்படி இருக்கும்போது கரிப்புகை வந்தது. ஈரத்துணியில் பெட்டி பட்டு எழும் ஆவி வந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் வந்தது.

காய்கறிப் பை கையிலிருந்து நழுவியதை நான் கவனிக்கவில்லை. அவள்தான் கத்தினாள். "அய்ய, தக்காளி எல்லாம் உருளுது பாருங்க!"

"அக்கா, உட்காரு. கால காட்டு."

"இங்கியா? நடுத்தெருவுலயா?"

"உட்காருன்னு சொல்றேன் இல்ல!"

என் குரலைக் கேட்டு அவள் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்தார். ஒடிசலான மனிதர், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். நான் மண்ணில் குந்தி உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். பாதத்தின் மேல் பக்கம் வீங்கிப் பளபளத்தது. கட்டை விரலால் லேசாக அழுத்தினேன். விரல் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் சீழ் வந்தது. நானே போட்ட கட்டு. மேலே மூடிய தோலை நானே சீவி அழகு பார்த்திருக்கிறேன். அடியில் அது பாதம் முழுக்கப் பரவியிருந்தது.

"எப்பலேர்ந்து இந்த நாத்தம்?" என்று கேட்டேன்.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவள்தான் சொன்னாள். "ஒரு வாரமா இவுரு சொல்லிகினுதான் இருந்தாரு, காலாண்ட ஏதோ நாறுது, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வான்னு. நான்தான் வாய அடக்கிட்டேன். கம்பவுண்டரு மூக்கவிட உன் மூக்கு ஒசத்தியா, அவரே பாத்து சுத்தமா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாருன்னேன்."

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளக்கவில்லை. ஒரு பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார். நான் கட்டைத் திரும்பச் சுற்றிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்காரர் உடனே வரவில்லை. வண்டியில் கிடந்தது எல்லாம் அடுத்தவர் துணி, அதைத் தெருவில் விட்டுவிட்டு வர முடியாது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். ஆட்டோவில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாமா, மூன்றாம் மாடி அம்மாவுக்குக் கல்யாணப் புடவை இருக்கிறது. நான் பார்க்கலாம் என்றேன்.

சர்ஜிகல் வார்டில் பாதிக் கட்டில்கள் காய்ச்சல்காரர்களுக்குப் போயிருந்தன. சர்ஜனுக்கே காய்ச்சல் அறையில் முறை போட்டிருந்தார்கள். ஆளனுப்பி வரவழைத்தேன். வந்து காலைப் பார்த்தார், கையை நீட்டி நோட்டைக் கேட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி, 'கிளீன்', என் கையெழுத்து. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிக் கொடுத்தார். ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது. கம்பியை உள்ளே விட்டார். எலும்பில் தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

அன்றைக்கே திறந்து கழுவினார்கள். மறுபடி ஆபரேஷன் தியேட்டர் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும், டிரெஸ்ஸிங் இல்லாத நாட்களில் என்னைப் போட்டிருந்த காய்ச்சல் வரிசையில் பெயர் எழுதிக்கொண்டே, அரை மணிக்கு ஒருமுறை வார்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஆடுசதைக்கு ஏறியிருந்தது. நான் பேனாவால் கோடு போட்டு வைப்பேன். அடுத்த தடவை போனால் கோட்டைத் தாண்டியிருக்கும். மூன்றாம் நாள் காலை சர்ஜன் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், இன்னும் காத்திருந்தால் ஆளே போய்விடுவாள் என்றார்.

சம்மதக் காகிதத்தை நீட்டியபோது அவள் கைநாட்டு வைக்கவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிடு என்றாளாம். போனேன். வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"நீங்க சொல்லுங்க கம்பவுண்டரே. எடுக்கணுமா?"

"எடுக்கணும்கா."

விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு நீங்க பாத்தப்ப நல்லாத்தான இருந்துது? அதுக்கப்புறம்தான வந்துது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். சர்ஜனும் அப்படித்தான் பேசினார். அறையை மாற்றினார்கள், அவள் மூன்று வாரம் வரவில்லை, மழை, கூட்டம், யார் என்ன செய்ய முடியும் என்றார். அதில் ஒன்றும் பொய் இல்லை. அந்தக் காய்ச்சல் மேல், அந்தப் போர்டு மேல், அவளைப் பொய் சொல்ல வைத்த மூன்று வீட்டு ஆட்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் கிளீன் என்று எழுதியது அவர்கள் யாரும் இல்லை.

"இல்லக்கா," என்றேன். "அன்னிக்கே உள்ள இருந்திருக்கும். எனக்குத் தெரியல. மாஸ்க்குல தைலம் போட்டிருந்தேன். கம்பி விட்டுப் பாத்திருக்கணும், பாக்கல."

வீட்டுக்காரர் நான் அன்றே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். அந்த உரிமை அவருக்கு இருந்தது. அவர் போர்வை ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். அக்கா என்னைப் பார்த்து, "சரி," என்றாள். கட்டை விரலை நீட்டினாள். மைப்பெட்டியை நான்தான் பிடித்தேன். படிக்கட்டுக்குக் கீழே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வெட்டிய இடம் சுத்தமாக இருந்தது. வார்டு சிஸ்டர்கள் கட்டு மாற்றினார்கள். எனக்குக் காய்ச்சல் வரிசை வேலை. இரண்டு வாரத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் பிரித்த பிறகும் சில நாள் கட்டு மாற்ற வேண்டியிருக்கும், செவ்வாய்க்கிழமை டிரெஸ்ஸிங்குக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் இருமல் வரிசை குறைந்து, என் அறை எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. மேஜையை நானே இரண்டு தடவை கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சந்துக் கதவுப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் மட்டும் வந்தார். உள்ளே வராமல் கதவோரம் நின்றார்.

"அவ வரல. நீங்க காத்துகினு இருப்பீங்க, போயி சொல்லிட்டு வான்னா. சேஷாத்ரிபுரத்துல ஒரு நர்ஸம்மா கட்டு போடறாங்க. அங்க போறோம்."

"நல்லா இருக்காங்களா?"

"ஸ்டூலு போட்டு உக்காந்து மடிக்கிறா. பொட்டி நான் தேய்க்கிறேன். மடிப்பு சரியில்லன்னு திட்டிகினே இருக்கறா."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். "என் மேல கோவமா?"

"கோவம் இன்னா கம்பவுண்டரே, அதெல்லாம் இல்ல." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. "நீங்க நல்லாருக்குதுன்னு சொன்னீங்கன்னா, இப்பவும் அப்டியே நம்பிடுவேன்றா. யாரு இன்னா சொன்னாலும் காதுல வாங்க மாட்டேன்றா. இனிமே இருக்கறது ஒரே ஒரு காலு, அதான் உங்ககிட்ட வேணாம்றா."

துணி எடுக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். நான் சந்துக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்தவரை உள்ளே வரச் சொன்னேன்.